குயில் கடிகாரத்தின் வயதை முகப்பில் தேடாதீர்கள்

மணி அடிக்கும்போது பொம்மைக் குயில் கதவைத் திறந்து வந்து கூவுமே, அந்தக் குயில் கடிகாரங்கள் என் பழுதுபார்ப்பு மேசைக்கு வரும்போது அவற்றோடு இரண்டு தகவல்களும் சேர்ந்தே வரும்: இது சுவிட்சர்லாந்தில் செய்தது, நூறு ஆண்டு பழையது. முதலாவது அநேகமாகத் தவறு. இரண்டாவதைப் பின்பலகையைத் திறந்துதான் சொல்ல முடியும்.

அண்மையில் ஒருவர் தாத்தா காலத்துக் கடிகாரம் என்று நம்பி வாங்கிய ஒன்றைக் கொண்டுவந்தார். குயில் வெளியே வரவில்லையாம். திறந்தால், இயந்திரத் தகட்டில் 'மேற்கு ஜெர்மனி' என்ற ஆங்கில முத்திரை. அந்தப் பெயரில் நாடு இருந்தது 1949 முதல் 1990 வரைதான். அவருடைய முகம் வாடிவிட்டது. விற்றவர் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை, முகப்பே ஏமாற்றிவிடும். ஏனென்றால் அந்தச் சிறு வீட்டு வடிவம் 1850-இல் பிறந்தது, இன்றும் செய்கிறார்கள்.

குயில் கடிகாரத்தின் ஊர் தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) என்ற மலைக்காட்டுப் பகுதி. ஷோன்வால்ட் கிராமத்து ஃபிரான்ஸ் அன்டோன் கெட்டெரர் 1730-களில் கண்டுபிடித்தார் என்பது செவிவழிக் கதை. நான் அதை நம்புவதில்லை. 1629-லேயே சாக்சனி இளவரசரிடம் கூவும் குயிலோடு ஒரு கடிகாரம் இருந்ததாகக் குறிப்பு இருக்கிறது. ஆனால் அதை வீட்டுப் பொருளாக்கியவர்கள் கருங்காட்டுக்காரர்கள்தான். பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாதவர்கள் மரத்திலேயே பல்சக்கரம் வெட்டினார்கள். அக்காலக் கடிகாரங்களின் முகப்பு பூ வரைந்த தட்டைப் பலகை. வீடும் இல்லை, கூரையும் இல்லை.

1850-இல் கருங்காட்டு ஊரான ஃபுர்ட்வாங்கனின் கடிகாரப் பள்ளியின் தலைவர் ராபர்ட் கெர்விக் புது வடிவங்கள் கேட்டு அறிவிப்பு விடுத்தார். பாடன் ரயில்வேக்குக் கட்டடங்கள் வரைந்த ஃபிரீட்ரிஷ் ஐசன்லோர், ரயில் பாதைக் காவலரின் சிறு வீட்டையே எடுத்து, அதில் முள்ளையும் எண்களையும் பொருத்தி அனுப்பினார். 'பான்ஹொய்ஸ்லே' (ரயில்பாதைச் சிறுவீடு) பாணி அதுதான். முதலில் மேலோட்டமான கொடி வேலைப்பாடுதான் இருந்தது. 1860-களில் செதுக்கல் ஆழமானது: மான் தலை, குறுக்கே வைத்த துப்பாக்கிகள், தொங்கும் முயல். ஐசன்பாக் ஊரின் யோஹான் பாப்டிஸ்ட் பெஹா போன்றவர்கள் கடிகாரத்தை ஓட்டும் எடைகளையும் பைன் காய் வடிவில் வார்த்தார்கள். அகன்ற கூரை, நீர்ச்சக்கரம், சுழன்றாடும் பொம்மைகள் கொண்ட மலைவீட்டுப் பாணி பிறகு வந்தது. சுவிஸ் வீட்டைப் போன்ற அந்தத் தோற்றமும் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஆகவே வயதுக்கு உள்ளே பாருங்கள். மரத் தகடுகளுக்கிடையே பித்தளைச் சக்கரங்கள் என்றால் நானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பிளாஸ்டிக் முள்ளும் பிளாஸ்டிக் பறவையும் பெரும்பாலும் பிற்காலத்தவை. பேட்டரிக்கு இடம் இருந்தால், தொங்கும் சங்கிலி வெறும் அலங்காரம். புதிதாக வாங்குபவர்கள் கருங்காட்டுக் கடிகாரச் சங்கமான 'ஃபவுடிஎஸ்' (VdS) தரும் சான்றிதழைக் கேளுங்கள். எடையால் ஓடும் கருங்காட்டுத் தயாரிப்புக்கே அது கிடைக்கும்.

குரல் வருவது இரண்டு சிறு துருத்திகளிலிருந்து. ஒன்று உயர்ந்த சுரத்தையும் மற்றது தாழ்ந்ததையும் ஊதும். நம் குயில் ஏற்றிக் கூவும்; ஐரோப்பியக் குயில் இறக்கிக் கூவும். துருத்தித் தோல் கிழிந்தால் ஒரு சுரம் மட்டும் கேட்கும். அதற்கு எண்ணெய் விடாதீர்கள், தோலை மாற்ற வேண்டும்.

நான் பார்க்கும் சேதங்களில் பல, கையாள்வதால் வருபவை. சங்கிலியைக் கட்டாமல் கடிகாரத்தைக் கவிழ்த்தால் அது சக்கரத்திலிருந்து நழுவிவிடும். சங்கிலியை இழுக்கும்போது எடையைக் கையால் தூக்காதீர்கள். ஒருநாள் ஓடும் கடிகாரத்தில் எட்டுநாள் ஓடும் கடிகாரத்தின் கனமான எடையை மாட்டினால் பற்கள் தேயும். சுவரில் மாட்டியபின் 'டிக்', 'டாக்' இரண்டுக்கும் இடைவெளி சமமாகக் கேட்கும்வரை பெட்டியை இடமோ வலமோ சற்றே நகர்த்துங்கள். கண்ணுக்கு நேராகத் தெரிவது முக்கியமில்லை. நேரம் மாற்றப் பெரிய முள்ளை மட்டும், முன்னோக்கி, கூவி முடிக்க அவகாசம் கொடுத்துத் திருப்புங்கள்.

அந்த 'மேற்கு ஜெர்மனி'க்காரருக்கு வருவோம். பயணத்தில் திறக்காமல் இருக்கக் குயிலின் கதவில் ஒரு கம்பிக் கொக்கி இருக்கும். வீட்டில் சுவரில் மாட்டியபோது யாரும் அதை விலக்கவில்லை. விரலால் தள்ளிவிட்டு, பெரிய முள்ளைப் பன்னிரண்டுக்குக் கொண்டுபோனேன். குயில் வந்து பதினொரு முறை கூவியது. அவர் ஒவ்வொன்றாக எண்ணினார்.