பழைய ஆம்னிக்கு வீட்டிலேயே கூலன்ட், ஹோஸ் மாற்றுகிறவர்களுக்கு

மாருதி ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் காய்கறி ஏற்றவும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகவும் இன்னும் எத்தனையோ வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஹெட் காஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற அடைப்புத் தகடு) போய் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற ஆம்னிகளில் பாதிக்கு மேல், ரேடியேட்டரில் இருப்பது வெறும் போர் தண்ணீர். கேட்டால், "நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்குண்ணே?" என்பார்கள்.

கூலன்ட் என்பது இன்ஜின் சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிற திரவம். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். நமக்கு வேண்டியது மற்ற இரண்டு. கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்திலேயே சுமார் 106 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி கொடுக்கிற அழுத்தத்தில் கொதிநிலை இன்னும் மேலே போகும். அடுத்தது துரு. அலுமினிய ஹெட்டும் இரும்புப் பாகங்களும் ஒரே தண்ணீரில் ஊறினால் அரிப்பு வராமல் இருக்காது. கூலன்ட்டில் அதற்கான மருந்து இருக்கிறது. போர் தண்ணீரிலோ, வெந்நீர்ப் பானையின் அடியில் படிவது மாதிரி உப்புதான் படியும்.

ஹோஸ் விஷயத்தில் நான் சொல்வது ஒன்றுதான்: வெடித்ததை மட்டும் மாற்றாதீர்கள். எல்லாம் ஒரே வயது ரப்பர். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே விரிசல் விட்டிருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு கிளாம்ப்புக்குப் பக்கத்தில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு நடுவில் அழுத்துங்கள். ஓரம் மட்டும் தொளதொளவென்று இருந்தாலோ, உள்ளே ஒரு பள்ளம் ஓடுவது விரலில் தட்டுப்பட்டாலோ அது முடிந்த கதை. ஆயில் பட்டு உப்பிப் போனதும் அப்படித்தான். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் எல்லாரும் மாற்றுவார்கள். எல்பிஜி கிட் போட்ட வண்டியில் வேப்பரைசருக்கு (திரவ எல்பிஜியை வாயுவாக்கும் பாகம்) போகிற இரண்டு சன்ன ஹோஸ்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேஸைச் சூடேற்றுவது அதில் ஓடுகிற வெந்நீர்தான். ஓடுகிற வண்டியில் வேப்பரைசர் மேல் ஐஸ் பிடித்திருந்தால் முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள், கேஸ் கிட்காரரைப் பிறகு கூப்பிடலாம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஆம்னியில் இன்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். ஹோஸ் வெடித்தால் ஆவி கிளம்புவது நம் காலடியில். அதைவிட மோசம் டெம்பரேச்சர் முள். தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டால் சென்சாரைத் தொட ஒன்றும் இருக்காது. முள் கீழே இறங்கிவிடும். சூடு தணிந்துவிட்டது என்று நம்பி இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டுவார்கள். ஹெட் வளைவது அந்த நாலு கிலோமீட்டரில்தான்.

வேலையைக் காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். மின்விசிறிக்குப் பக்கத்தில் கை போகும். வடிப்பதற்கு அகலமான பேசின் வையுங்கள். பழைய கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாயோ குழந்தையோ நக்கிவிட்டால் சிறுநீரகம் போய்விடும். வாசலில் ஓடவிடாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து மூடி, பழைய ஆயிலைச் சேகரிக்கிற ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள்.

இறுகிப்போன ஹோஸைத் திருகி இழுத்தால் ரேடியேட்டர் கழுத்து கையோடு வந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள், கழுத்தில் கோடு விழாமல். கழுத்தில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பரையும் உப்பையும் நைஸ் எமரித் தாளால் தேய்த்து எடுங்கள்; லீக்கில் பாதி அங்கிருந்துதான். புது ஹோஸ் ஏறவில்லை என்று கிரீஸ் தடவாதீர்கள், ரப்பருக்கு அது ஆகாது. கொஞ்சம் கூலன்ட் தடவினாலே ஏறிவிடும். கிளாம்ப் கழுத்தின் மேட்டுக்கு உள்பக்கமாக உட்கார வேண்டும். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் கிளாம்ப் ரப்பரை வெட்டிவிடும்.

இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். இன்ஜின் சூடேறத் தாமதமாகும், மைலேஜ் குறையும். சந்தேகமாக இருந்தால் வால்வை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் விட்டு அலசிய பிறகு எவ்வளவு வடித்தாலும் இன்ஜினுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். அதன் மேல், தண்ணீர் கலந்தே வருகிற ரெடிமிக்ஸ் கூலன்ட்டை ஊற்றினால் கலவை நீர்த்துப் போகும். அதனால் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்குங்கள். கையேட்டில் சொன்ன மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு அதை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். கலரைப் பார்த்து ரகம் முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இனிதான் பலர் கோட்டைவிடும் இடம்: காற்று. ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால் இருப்பதால் குழாய்களில் காற்று எளிதாக மாட்டிக்கொள்ளும். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள். பேட்டரி வயரை மாட்டி, மூடி இல்லாமல் ஐடிலில் ஓடவிடுங்கள். இன்ஜின் சூடாகும் முன்பே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சுடும், கையை எடுத்துவிடுங்கள். குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் ஒருமுறை தானாக ஓடி நிற்கும்வரை காத்திருங்கள்.

மறுநாள் காலையில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், நிரப்பிவிட்டு ஓட்டுங்கள். ஒரு வாரம் கழித்தும் தினமும் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை, புகை வெள்ளையாக வருகிறது, குமிழியும் நிற்கவில்லை என்றால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். அப்போது வண்டியை ஓட்டி வராதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள்.