காலை 8, 9 மணிக்கு மட்டும் படுத்துக்கொண்ட ஸ்கிரிப்ட்

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக, மணிக்கு ஒருமுறை பேக்கப் எடுக்கும் பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸுக்குக் கட்டளைகளை வரிசையாகச் சொல்லும் சிறு நிரல்) ஒன்று எழுதிக் கொடுத்தேன். மணி 7க்கும் 19க்கும் இடையில் இருந்தால் எடு, இல்லாவிட்டால் சும்மா இரு. அவ்வளவுதான். ஒருநாள் போன் வந்தது. "சார், 7 மணி பேக்கப் இருக்கு, 10 மணிக்கு மேல எல்லாம் இருக்கு. நடுவுல 8, 9 மட்டும் காணோம்."

பதினொரு மணிக்கு உட்கார்ந்து நானே ஓட்டிப் பார்த்தேன். ஒழுங்காக ஓடியது. கரண்டா, நெட்வொர்க்கா என்று இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாம் நாள் காலை 8:15க்கு ஓட்டியபோதுதான் பிழைச்செய்தி கண்ணில் பட்டது: 08 என்பது இந்த அடிமானத்துக்கு மிஞ்சிய எண்ணாம்!

சர்வர் மணியை இரண்டு இலக்கத்தில் தருகிறது: 07, 08, 09, 10. கணக்கு போடும்போது, முன்னால் சுழியம் இருந்தால் அதை அடிமானம் 8இல், அதாவது எண்ணிலை முறையில், எழுதிய எண் என்று பாஷ் எடுத்துக்கொள்ளும். அந்த முறையில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். 8, 9 என்ற எழுத்தே கிடையாது. 7 வரை இரண்டு முறையிலும் எண்கள் ஒரே மாதிரி இருப்பதால் 07க்குச் சிக்கல் இல்லை. 10க்கு முன்னால் சுழியமே இல்லை. மாட்டியது இரண்டு மணி நேரம்தான்.

இந்த வழக்கம் பழையது. யூனிக்ஸ் 1969இல் பிடிபி-7 கணினியில் பிறந்தது; அது ஒரே மூச்சில் கையாளும் தரவின் அளவு, அதாவது சொல் நீளம், 18 பிட். மூன்று மூன்றாகப் பிரித்தால் சரியாக ஆறு எண்ணிலை இலக்கங்கள். முன்சுழியக் குறியீடு அங்கிருந்து சி நிரல் மொழிக்கு வந்து, நம் தலையிலும் விடிந்தது.

பிழைச்செய்தி வந்தது என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். மூன்று இலக்க வவுச்சர் எண்ணாக இருந்திருந்தால்? 064ஐ 6×8+4 என்று கணக்கிட்டு 52 ஆக்கிவிடும், சத்தமே வராது. ஐபி முகவரியில் இது பாதுகாப்புப் பிரச்சினை. 010.0.0.1 என்பதை வடிகட்டும் நிரல் 10 என்றும், இணைக்கும் நிரல் 8 என்றும் படித்தால் தடுப்பு இருந்தும் பயனில்லை. பைத்தான் நிரல் மொழியின் ஐபி முகவரி நூலகத்திலேயே இந்த ஓட்டை 2021இல் வெளியானது. இப்போது அது முன்சுழியத்தை ஏற்பதில்லை.

தலைகீழாகவும் நடக்கும். ஒரு கோப்பை யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று சொல்லும் கோப்பு அனுமதி 755 என்பது எண்ணிலை எண். பைத்தானில் வெறுமனே 755 என்று கொடுத்தால் அது பதின்மம், அதாவது நாம் வழக்கமாக எழுதும் எண்; எண்ணிலையில் 1363. கடைசி மூன்று இலக்கங்களில் முதலாவது உரிமையாளருக்கு; அவருக்குக் கிடைப்பது 3: எழுதலாம், இயக்கலாம், ஆனால் படிக்க முடியாது. ஜூனியர் பையன் ஒருவர் இப்படிச் செய்துவிட்டு, சொந்தக் கோப்பே திறக்கவில்லை என்று வந்து நின்றார்.

பாஷில் தீர்வு சுலபம். மாறிக்கு முன்னால் 10# என்று போட்டால் பதின்மமாகவே படிக்கும். அதைச் சேர்த்த கையோடு என் மற்ற ஸ்கிரிப்டுகளையும் துழாவினேன். இன்னொன்று அகப்பட்டது. அதில் இருந்தது மணி அல்ல, மாதம். அப்போது ஜூலை கடைசி வாரம்.