எராஸ்மஸ் பிளஸ் இளைஞர் பரிமாற்றம்: டிக்கெட் எடுப்பதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்

ஜெர்மானியர் நேரம் தவறமாட்டார், இத்தாலியர் கையை ஆட்டாமல் பேசமாட்டார், பின்லாந்துக்காரர் வாயே திறக்கமாட்டார். இப்படிப் பக்கத்து நாட்டைப் பற்றி நினைத்திருப்பதை எல்லாம் சுவரில் எழுதி ஒட்டிவிட்டு, ஒன்றாகத் தங்கி, சமைத்து, அதில் எது உண்மை என்று இளைஞர்களே பார்த்துக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியம் எராஸ்மஸ் பிளஸ் என்ற திட்டத்தில் பணம் தருகிறது. வயது 13 முதல் 30 வரை, பயண நாள் நீங்கலாக 5 முதல் 21 நாள். கல்லூரியில் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வயதை நிகழ்ச்சி தொடங்கும் நாளில்தான் பார்ப்பார்கள்.

சரி, பணம் யார் கைக்குப் போகிறது? இளைஞரின் கைக்கு இல்லை, பரிமாற்றத்தை நடத்தும் அமைப்பின் கைக்கு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. பயணப் பணம் தூரக் கணக்குப்படி அமைப்புக்கு ஒதுக்கப்படுகிறது. ஆனால் பல அமைப்புகள், “டிக்கெட்டை நீங்களே எடுங்கள், பிறகு தருகிறோம்” என்கின்றன. வாடகைப் பணத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் “இறுதி அறிக்கை இன்னும் போகவில்லை” என்று பதில். அமைப்புக்கு முன்பணம் வந்திருக்கும்போது இதை ஏன் ஒரு மாணவர் சுமக்க வேண்டும்? அதனால் உச்சவரம்பு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தருவார்கள், என்ன ரசீது வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். பதில் வராமல் டிக்கெட் எடுக்காதீர்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். ஊர் சுற்ற முன்னும் பின்னும் நாள் சேர்த்தால் பணத்தைக் குறைப்பதும் உண்டு, அதையும் முன்பே கேளுங்கள்.

பங்கேற்புக் கட்டணம் கேட்பதை விதி தடுக்கவில்லை. ஆனால் அது நியாயமான அளவில் இருக்க வேண்டும், லாபத்துக்காக இருக்கக் கூடாது, வசதியில்லாதவரை வெளியே நிறுத்தக் கூடாது. இடையில் வரும் தரகர் தனியாகப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

அடுத்தது குடியுரிமை. பாரிஸிலோ ஒஸ்லோவிலோ அகதி அந்தஸ்தோடு வாழும் தமிழ்ப் பிள்ளையிடம், “உனக்கு அந்த நாட்டு பாஸ்போர்ட் இல்லையே” என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அது தவறு. அனுப்பும் அமைப்பு இருக்கும் நாட்டில் வசிக்கிறாரா என்பதுதான் கேள்வி. குடியிருப்பு அட்டையும் பயண ஆவணமும் இருந்தால், ஒரே விசா விதியைப் பின்பற்றும் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய பயணம் போகலாம். அயர்லாந்தும் சைப்ரஸும் ஷெங்கனுக்கு வெளியே, அங்கே விசா பார்க்க வேண்டும். விசாச் செலவை அமைப்பு மானியத்தில் கேட்க முடியும், கேட்கச் சொல்லுங்கள். அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் எல்லை தாண்ட வேண்டாம்.

உடல் குறைபாடோ பண நெருக்கடியோ இருந்தால் கூடுதல் செலவுக்குத் தனி உதவி உண்டு. பலரும் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை. தேர்வான உடனேயே சொல்லுங்கள், கடைசி வாரத்தில் சொன்னால் “பட்ஜெட் முடிந்தது” என்பார்கள்.

பரிமாற்றத்தில் கற்றதைப் பதிவு செய்யும் யூத்பாஸ் சான்றிதழ் ஒவ்வொருவருக்கும் உரியது. ஊருக்குத் திரும்பும் முன்பே கேட்டுவிடுங்கள், அப்புறம் ஆளைப் பிடிப்பது கஷ்டம்.

ஏமாற்றப்பட்டால் மானியம் கொடுத்த நாட்டின் தேசிய முகமைக்கு, அதாவது அங்கே இந்தத் திட்டத்தின் பணத்தைக் கையாளும் அலுவலகத்துக்கு, எழுதுங்கள். ஜெர்மனிக்கு அது பான் நகரில் இருக்கும் யூகெண்ட் ஃபியூர் ஒய்ரோப்பா. கடிதத்தில் திட்ட எண் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதில் இழுக்கும். அந்த எண்ணை அமைப்பிடம் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.