நாய்ஸ்: சத்தமா, இரைச்சலா?

பழைய அனலாக் சிந்தசைசரைப் (மின்சுற்றுகளால் ஒலி உண்டாக்கும் இசைக்கருவி) பழுதுபார்க்கக் கொடுக்கும்போது 'சத்தம் வரவில்லை' என்று சொன்னால், பார்ப்பவர் பவர் சப்ளையிலிருந்து தொடங்குவார். 'இரைச்சல் வரவில்லை' என்றால் நேராக ஒரு டிரான்சிஸ்டரிடம் போவார். 'நாய்ஸ்' (noise) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் சத்தம் என்று எழுதினால் இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

நாய்ஸ் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அங்கே அதற்குச் சண்டை, அமளி என்று பொருள். அதற்கும் முந்தைய மூலம் லத்தீன் 'நாசியா', அதாவது கப்பலில் போகிறவர்களுக்கு வரும் குமட்டல் என்பார்கள். குமட்டல் எப்படிக் கூச்சலானது என்று கேட்டால், புயலில் சிக்கிய கப்பலை நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்!

நம் 'இரைச்சல்' என்ற சொல்லும் கடலோரத்தில்தான் இருக்கிறது. 'இரை' என்பது வினை: கடல் இரையும், காற்று இரையும். மூச்சிரைப்பும் இந்தக் குடும்பமே. சுருதி பிடிக்க முடியாத, இடைவிடாத ஒலி. சிந்தசைசரில் அலையோசையையும் காற்றோசையையும் செய்வது இதே இரைச்சலை வடிகட்டித்தான்.

மற்ற மின்சுற்றுகளில் இரைச்சல் வந்தால் பழுது. சிந்தசைசரில் இரைச்சலுக்கென்றே வைத்த சுற்றில் வராவிட்டால் பழுது. பல பழைய கருவிகளில் ஓர் என்.பி.என். வகை டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸ், எமிட்டர் இரண்டுக்கும் இடையிலுள்ள சந்திக்கு மின்னழுத்தத்தைத் தலைகீழாகக் கொடுத்திருப்பார்கள். ஏறக்குறைய 6 முதல் 9 வோல்ட்டுக்குள் அந்தச் சந்தியின் தடுப்பு உடைந்து மின்னோட்டம் பாயும், இரையத் தொடங்கும். அந்த மெல்லிய இரைச்சலை அடுத்த கட்டம் பெருக்கும். மூன்றாவதான கலெக்டர் கால் பெரும்பாலும் எதிலும் சேராமல் நிற்கும். விட்டுப்போயிற்று என்று சால்டர் வைத்துவிடாதீர்கள்! ஆண்டுகள் போனால் இரைச்சல் மங்கலாம், அல்லது படபடவென்று பொரியலாம். டிரான்சிஸ்டரைக் கழற்றுமுன் அடுத்துள்ள கப்பாசிட்டர் வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மாற்றுவதானால், ஒரே மாடல் எண்ணுள்ள பத்து டிரான்சிஸ்டரும் பத்து விதமாக இரையும். சாக்கெட் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சரி, இந்தச் சுற்றுக்கு என்ன பெயர்? 'இரைச்சல் சுற்று' என்றால் இரைகிற பழுதுச் சுற்று என்றும் படும். 'இரைச்சலாக்கி' என்பது என் தேர்வு. எல்லா அதிர்வெண்களும் சமமாகக் கலந்தது, வெள்ளை ஒளியை ஒப்பிட்டு, வெண்ணிரைச்சல். ஒவ்வோர் எண்மத்துக்கும் (ஆக்டேவ், அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும்) வலிமை 3 டெசிபல் குறைந்துகொண்டே போனால் இளஞ்சிவப்பு இரைச்சல். டிரான்சிஸ்டருக்கும் 'திரிதடையம்' என்று ஒரு சொல் இருக்கிறது. சால்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை.