சத்தம் போடுவதற்கு முன் ஒரு மூச்சு: லைன் சூப்பர்வைசர்களுக்கு யோகா

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் லைன் சூப்பர்வைசர்களுக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறேன். "முதுகு வலி, கழுத்து வலின்னு லீவு போடறாங்க, கொஞ்சம் பாருங்க" என்றுதான் பெரும்பாலும் கூப்பிடுகிறார்கள். வலிக்கும் யோகா உதவும். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கை வேகமும் தையல் நேர்த்தியும் பார்த்து, நேற்று வரை டெய்லராக இருந்தவரை இன்று 30 பேருக்குப் பொறுப்பாக்கிவிடுகிறோம். அவருக்கு மெஷின் தெரியும், தையல் தெரியும். ஆட்களை எப்படி நடத்துவது என்று மட்டும் யாரும் கற்றுத்தருவதில்லை. தன்னுடைய பழைய சூப்பர்வைசர் தன்னை எப்படி நடத்தினாரோ, அதுதான் அவருக்குத் தெரிந்த பாடம். பல இடங்களில் அந்தப் பாடம் வெறும் சத்தம்தான்.

அந்தச் சத்தம் திடீரென்று வருவதில்லை. மணிக்கு மணி புரொடக்‌ஷன் போர்டில் எண்ணிக்கை எழுத வேண்டும். செக்கிங்கிலிருந்து ஆல்ட்டர் பீஸ் (தையல் சரியில்லை என்று திருத்தத் திருப்பி அனுப்பும் துணிகள்) கட்டுக்கட்டாகத் திரும்பி வரும். ஷிப்மென்ட் தேதி நெருங்க நெருங்க மேலே இருந்து போன் மேல் போன். அந்த நேரத்தில் சூப்பர்வைசரைக் கவனித்தால் தெரியும்: மூச்சு மேல்நெஞ்சுக்கு ஏறியிருக்கும், தாடை இறுகியிருக்கும், தோள் இரண்டும் காதை நோக்கி உயர்ந்திருக்கும். வாய் திறப்பது அதற்கு அப்புறம்தான். உடம்பு இறுகுவதற்கும் வார்த்தை வருவதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. யோகா வேலை செய்வது அங்கேதான்.

பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகிறோம். பதற்றத்தில் இது கூடும். வெளிமூச்சை நீட்டினால், உடம்பை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் வேலை கூடி, இதயத்துடிப்பு தணியும். அதனால் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மனதுக்குள் 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுவது. மூச்சை அடக்க வேண்டாம். ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி என்று வைத்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இதைக் காலையில், மனசு அமைதியாக இருக்கும்போதே பழகி வைக்க வேண்டும். கோபம் வந்த பிறகுதான் செய்து பார்ப்பேன் என்றால் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வராது.

ஆசனங்களில் நான் அதிகம் பயன்படுத்துவது வீரபத்ராசனம். முன்காலை மடக்கிக் கொஞ்ச நேரம் நின்றாலே தொடை நடுங்கும். பலர் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், பல்லைக் கடிப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் இன்னும் நிற்கிறாரா என்று பார்ப்பார்கள். "கால் அப்படியே இருக்கட்டும், தாடையை மட்டும் தளர்த்துங்க" என்பேன். பாரம் குறையாது, ஆனால் முகம் மாறும். டார்கெட் நேரத்தில் லைனில் நிற்பதற்கு இதைவிட நேரடியான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், சூப்பர்வைசர்களையே மாறி மாறி வகுப்பு நடத்தச் சொல்வேன். முதல் தடவை பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "கையத் தூக்குங்க, மூச்ச இழுங்க, குதிகாலத் தூக்குங்க, நேரா பாருங்க!" எல்லாம் ஒரே மூச்சில். எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் விழிப்பார்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு, எல்லோரும் அதைச் செய்து முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் அடுத்ததைச் சொல்லப் பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். ஒரு தங்கை, எதிரே நின்ற மூத்த பெண்ணுக்குத் தோள் முழுதாக உயரவில்லை என்பதைக் கவனித்து, "அக்கா, உங்களுக்கு பாதி வரைக்கும் போதும்ங்க" என்றார். அவர் லைனில் பேசும் விதமும் பிறகு மாறியது. "எத்தன தடவ சொல்றது?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், "அக்கா, இங்க தையல் விட்டிருக்கு பாருங்க, ஊசி மாத்திரலாமா?" என்று கேட்பதை நானே பார்த்தேன்.

ஆளுக்கேற்றபடி யோகாவை மாற்றித் தருவது நம் ஊருக்குப் புதிதல்ல. யோகா ஆசிரியர் தி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) பல பத்தாண்டுகள் சென்னையில் இருந்து இப்படித்தான் கற்பித்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கி, அந்த முறையை நிலைக்கச் செய்தார். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அவர்களிடம் கற்க வேண்டியது இந்தக் கண்ணோட்டம்தான்.

பதஞ்சலியின் யோக சூத்திர நூலில், முதல் பாதத்து (முதல் பகுதியின்) 33-ஆவது சூத்திரத்தையும் வகுப்பில் பேசுவோம். நன்றாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் இரக்கம், நல்லது செய்பவரைக் கண்டு மகிழ்ச்சி, தவறு செய்பவரிடம் கலங்காத மனம் என்று நான்கு சொல்கிறது. மூன்றாவதுதான் புது சூப்பர்வைசர்களுக்குக் கடினம். தன்னைவிட வேகமாகத் தைக்கும் ஒரு பெண் லைனில் இருந்தால், அவளைப் பாராட்ட மனசு வர வேண்டுமே. நான்காவதைத் தவறைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று நினைத்துவிடக் கூடாது. தவறைச் சொல்லித் திருத்த வேண்டும், அந்தக் கோபத்தை மறுநாள் காலை லைனுக்குக் கொண்டுவரக் கூடாது.

நிர்வாகத்திடம் முதல் சந்திப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். பாத்ரூம் போகக்கூட நேரம் தராத டார்கெட்டை எந்த மூச்சுப்பயிற்சியும் சரிசெய்யாது. தொடர்ந்து ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு, களைத்த ஆட்களைப் பொறுத்துப்போகப் பழக்குவதற்கு யோகாவைப் பயன்படுத்துவது அநியாயம். முதலில் டார்கெட்டைச் சரிசெய்யுங்கள்.

உடல்நலம் தெரியாமல் யாரையும் பயிற்சியில் இறக்கவும் கூடாது. ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்கள் மூச்சை அடக்கக் கூடாது. கண் நீர் அழுத்த நோய் இருந்தால் தலைகீழ் ஆசனங்கள் வேண்டாம். கர்ப்பிணிகளும் சமீபத்தில் வயிற்றில் அறுவை செய்தவர்களும் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) செய்யக் கூடாது. கண்ணை மூடினால் பதற்றமாக இருக்கிறது என்பவர்கள் திறந்தே வைத்திருக்கட்டும்.

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஆயுஷ் அமைச்சகம் வேலை செய்பவர்களுக்கென்றே வெளியிட்ட 'ஒய் பிரேக்' ஐந்து நிமிடப் பயிற்சிதான். ஆரம்பிக்க அதுவே போதும். விருப்பம் இருப்பவர்கள் மட்டும் வரட்டும், வருகைப்பதிவு வேண்டாம். வேலை நேரத்துக்குள்ளேயே வையுங்கள். ஷிப்ட் முடிந்த பிறகு வைத்தால் கம்பெனி வேன் கிளம்பிவிடும், பெண் சூப்பர்வைசர்கள் ஒருவரும் வர முடியாது.