முகவரி வரும்வரை ஒரு காலியிடம்

ஒரு நிரலில், ஓர் எண் இரட்டைப்படையா என்று பார்க்க ஒரு ஃபங்ஷன் (பெயரிட்டு அழைக்கக்கூடிய நிரல் துண்டு), ஒற்றைப்படையா என்று பார்க்க இன்னொன்று. முதலாவது எண்ணில் ஒன்றைக் கழித்து இரண்டாவதிடம் தள்ளும். அது இன்னொன்றைக் கழித்து முதலாவதிடமே திருப்பிவிடும், பூஜ்யம் வரும்வரை. எதை முதலில் எழுதினாலும் மற்றது கீழேதான் இருக்கும். நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படிக்கும் கம்பைலர், இன்னும் பார்க்காத அந்தப் பெயரைக் கண்டு திருதிருவென விழிக்கும்.

பாஸ்கல் மொழியில் இதற்கென்றே ‘ஃபார்வர்ட்’ என்ற சொல் உண்டு: பெயரை இப்போது குறித்துக்கொள், உடல் (ஃபங்ஷனின் உள்ளே இருக்கும் கட்டளைகள்) பிறகு வரும். சி மொழியில் அதே வேலையை முன்னறிவிப்பு வரி செய்கிறது. முழு நிரலையும் வைத்துக்கொள்ள நினைவகம் போதாத காலத்து ஏற்பாடு இது. ஜாவா கம்பைலர் முதலில் பெயர்களைத் திரட்டிக்கொண்டு, உடல்களைப் பிறகுதான் ஆராய்கிறது; அங்கே வரிசையைப் பற்றிய கவலை பெரும்பாலும் இல்லை.

எனக்குப் பிடித்தது பழைய தந்திரம், பேக்பேட்ச்சிங்: முகவரிக்குக் காலியிடம் விட்டுவிட்டு, அது தெரிந்ததும் திரும்பிப் போய் நிரப்புவது. நிரலில் இன்னும் வராத ஓர் இடத்துக்கு, மூன்று வெவ்வேறு கட்டளைகளிலிருந்து தாவ வேண்டும் என்று வையுங்கள். 40-ஆம் பைட்டில் முகவரிக்கு இடம் விட்டு 0 எழுதுகிறோம். அடுத்த தாவல் 72-இல். அந்தக் காலியிடத்தில் 40 என்று எழுதுகிறோம். மூன்றாவது 96-இல், அதில் 72. கம்பைலர் நினைவில் வைத்திருப்பது 96 மட்டும். தாவ வேண்டிய இடம் 120-இல் வந்ததும் 96-ஐத் திறந்து, உள்ளிருக்கும் 72-ஐப் படித்துக்கொண்டு அங்கே 120 எழுதும். பிறகு 72, பிறகு 40. 0 வந்தால் வேலை முடிந்தது. தனிப் பட்டியலே தேவையில்லை, காலியிடங்களே பட்டியல்.

இதுவரை பார்த்தது வெறும் வரிசைத் தகராறு. உண்மையான சுழல், அதாவது ஒன்றின் வரையறை தன்னையே நம்பியிருப்பது, வேறு. பல தரவுகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் தொகுப்புக்கு சி மொழியில் ஸ்ட்ரக்ட் என்று பெயர். 4 பைட் எண்ணும் அதே ஸ்ட்ரக்டும் கொண்ட ஒரு ஸ்ட்ரக்டை எழுதிப் பாருங்கள். அதன் அளவு, 4 கூட்டல் அதே அளவு! எந்த எண்ணும் இதற்குப் பொருந்தாது. உள்ளே ஸ்ட்ரக்டுக்குப் பதில் அதன் முகவரியை மட்டும் வைத்திருக்கும் பாயின்டரை வைத்தால் சிக்கல் தீர்ந்தது: எதைச் சுட்டினாலும் 64-பிட் கணினியில் அதற்குப் பொதுவாக 8 பைட்தான்.

இப்படிப்பட்ட சுழலைப் பிடிக்க, வரையறைகளை ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து போகும்போது ஒவ்வொரு பெயருக்கும் மூன்று நிலைகளில் ஒன்றைக் குறிக்கிறார்கள்: தொடவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன், முடித்தாயிற்று. பார்த்துக்கொண்டிருக்கும் பெயரையே வழியில் மறுபடி சந்தித்தால் அது சுழல். நல்ல கம்பைலர் அப்போது வந்த வழி முழுவதையும் காட்டும். வரி எண்ணை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கம்பைலர்களிடம் நான் பல மாலைகளை இழந்திருக்கிறேன்.