வெளிச்சத்தைக் குறைத்தால் கண் ஏன் கரிக்கிறது?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகியின் கேள்வி: “ராத்திரி பட்டாசல்ல (கூடத்துல) லைட்ட அணைச்சிட்டு, டிவி வெளிச்சத்தயும் நல்லா குறைச்சு வச்சுதான் படம் பாக்கோம். அரை மணி நேரத்துல கண்ணு கரிக்கு, தலை வலிக்கு. வெளிச்சத்தக் கூட்டி வச்சா அவ்வளவு தொந்தரவு இல்ல. டிவில மாட்டுத ஆண்ட்ராய்டு பெட்டில கண்ணுக்கு இதமானது எது வாங்கணும்?”

கேள்வியிலேயே துப்பு இருக்கிறது. குறைத்தால் வலி, கூட்டினால் இல்லை. திரையை உற்றுப் பார்க்கையில் இமைப்பது குறைந்து கண் உலர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் அது வெளிச்ச அளவைப் பார்த்து வருவதில்லை. இங்கே சந்தேகப்பட வேண்டியது பெட்டியை அல்ல, டிவி திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி விளக்கை (பேக்லைட்).

குழாயைத் திருகித் தண்ணீரைக் குறைப்பதுபோல, ரிமோட்டை அழுத்தினால் எல்இடியில் ஓடும் மின்னோட்டம் குறையும் என்று நினைப்போம். பல டிவிகளில் நடப்பது வேறு. மின்னோட்டத்தை மாற்றினால் எல்இடியின் நிறமும் லேசாக மாறும். ஆகவே ஓட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்து அணைத்து எரிய விடுகிறார்கள். துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பாடப்புத்தகம் சொல்லும், கடைக்காரர்களுக்கு பி.டபிள்யூ.எம். நொடிக்கு 240 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்கு 4.17 மில்லி நொடி. வெளிச்சம் 30 சதவீதம் என்றால் 1.25 மில்லி நொடி முழு வேகத்தில் எரியும்; மீதி 2.92 மில்லி நொடி கும்மிருட்டு. 100 சதவீதத்தில் அணைவதே இல்லை. அதனால்தான் கூட்டி வைத்தால் தேவலை.

‘240 தடவை சிமிட்டுவது கண்ணுக்குத் தெரியாதே!’ அசையாமல் பார்த்தால் தெரியாதுதான். ஆனால் கண் சும்மா இருப்பதில்லை. முகத்திலிருந்து சப்டைட்டிலுக்கு, அங்கிருந்து மூலைக்கு என்று நொடிக்கு மூன்று தடவையாவது தாவுகிறது. தாவும் வேகம் நொடிக்கு 300 டிகிரி என்று கொண்டால், இரண்டு துடிப்புக்கு நடுவே கண் 1.25 டிகிரி நகர்ந்துவிடும். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் ஏறக்குறைய 1 டிகிரி. கறுப்புப் பின்னணியில் உள்ள ஒரு வெள்ளை எழுத்து, ஒவ்வொரு தாவலிலும் விழித்திரையில் சுண்டுவிரல் இடைவெளி விட்டு வரிசையாகப் பதிகிறது. மூளை அதை அழித்துவிட்டு ஒரே படமாகக் காட்டுகிறது. எல்லோருக்கும் இது தொந்தரவு தராது; ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் சீக்கிரம் உணர்வார்கள்.

பார்க்க ஒரு ஈர்க்குச்சி போதும். அறையின் விளக்கை எல்லாம் அணையுங்கள். டியூப்லைட் எரிந்தால் அதன் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100) துடிப்பும் சேர்ந்து குழப்பும். திரையில் வெறும் வெள்ளைப் படம் வைத்து, அதன் முன்னால் ஈர்க்கை விறுவிறுவென்று இடமும் வலமுமாக ஆட்டுங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் சாம்பல் நிற விசிறி மாதிரி மங்கலாகத் தெரியும். துடித்தால் தனித்தனி ஈர்க்குகளாகப் பிரிந்து நிற்கும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஆட்டினால், 240 துடிப்பில் ஒன்றுக்கொன்று 8 மி.மீ. தள்ளி. 1000 துடிப்பு என்றால் இடைவெளி 2 மி.மீ.; அது ஈர்க்கின் தடிமன்தான், ஒன்றோடொன்று ஒட்டிவிடும். செல்போன் கேமராவில் ‘ப்ரோ’ முறையில் ஷட்டரை 1/2000 வைத்துப் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் தெரியும். பேக்லைட்டைக் கூட்டக் கூட்டப் பட்டை மெலிந்து மறையும்.

எல்இடி விளக்குகளுக்கு, மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. தந்த 1789 என்ற 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரையின் கணக்குப்படி, முழுக்க அணைந்து எரியும் விளக்கு 1250 ஹெர்ட்ஸுக்கு மேல் துடித்தால் ஆபத்து குறைவு, 3000-க்கு மேல் கவலையே இல்லை. டிவி அட்டைப்பெட்டியில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், இருக்காது. வருஷத்துக்கு எத்தனை யூனிட் தின்னும் என்று நட்சத்திர ஒட்டு ஒட்டத் தெரிந்த நாட்டில் இதையும் அச்சிடலாம். ஒளியை உணரும் ஒரு போட்டோடயோடும், துடிப்பை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பும் உள்ள எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் பத்து நிமிஷத்தில் அளந்துவிடலாம். பாளையங்கோட்டையில் கல்லூரிக்கா பஞ்சம்! அதை விட்டுவிட்டு நீல ஒளிக் கண்ணாடி விற்கிறார்கள். அது கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் தொகுப்பு சொல்லிவிட்டது. ஸ்டெபிலைசரும் வேண்டாம். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் டிவிக்கு ஆனி, ஆடிக் காற்றில் கரண்ட் ஏறி இறங்குவதால் இந்தத் துடிப்பு வருவதில்லை.

சரி, என்ன செய்ய? டிவி மெனுவில் ‘பேக்லைட்’ வேறு, ‘பிரைட்னஸ்’ வேறு. பிரைட்னஸ் பல டிவிகளில் கறுப்பின் அளவை மட்டும் மாற்றும். கேமராவில் தெரியும் கறுப்புப் பட்டை மறையும் வரை பேக்லைட்டை ஏற்றுங்கள். கூசினால் காண்ட்ராஸ்டைக் குறையுங்கள். கறுப்பு கொஞ்சம் வெளிறும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். டிவிக்குப் பின்னால் சுவரில் வெளிச்சம் விழும்படி ஒரு யூஎஸ்பி எல்இடி பட்டை ஒட்டினால் கூச்சம் இன்னும் குறையும். ரிமோட்டோடு வரும் பட்டையை வாங்க வேண்டாம். அதைக் குறைத்து வைத்தால் அதுவும் சிமிட்டத் தொடங்கும்.

பெட்டி வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: படத்தின் வேகத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறதா? சினிமா நொடிக்கு 24 படம் (ஃப்ரேம்), நம்மூர் சீரியல் 25. பெட்டி எப்போதும் 60-லேயே ஓடினால் சினிமாவின் ஒரு படம் 33 மில்லி நொடி, அடுத்தது 50 மில்லி நொடி என்று மாறி மாறி நிற்கும். கேமரா வயலை மெதுவாகச் சுற்றிக் காட்டும்போது வரப்புப் பனைகள் தத்தித் தத்தி நகருமே, அது இதனால்தான். ஆண்ட்ராய்டு பெட்டியில் ‘மேட்ச் கண்டென்ட் ஃப்ரேம் ரேட்’, கோடி (Kodi) என்ற படம் பார்க்கும் செயலியில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’ என்று இருக்கும்; போட்டுவிடுங்கள். படம் தொடங்கும்போது திரை ஓரிரு நொடி கறுத்து மீளும். பெட்டி போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.